ஹாரனுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே

1

இந்தக் கதை என் தங்கை விமலாவின் அழுகையில் தொடங்கியது. நீலாய் நகரத் தொழிற்சாலையில் வேலை முடிந்து, சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் படுத்திருந்தேன். ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து அழைத்தாள்.

"அண்ணே, நம்ம நாய் போபி லோரிய வெரட்டி, பின்னால மோட்டார் சைக்கிள்ல வந்தவரு விழுந்துட்டாரு. இன்னொரு தடவ ஓடுனா நாய்பிடிக்கிற ஆளக் கூப்பிட்டுருவேன்னு மண்டோர் சொல்லிட்டாரு. நாளைக்கு லோரி வருது."

"கட்டிப் போடேன் லா."

"கட்டுனா ராப்பகலா ஊளையிடுது. லயத்து வீடெல்லாம் சண்டைக்கு வருது."

மண்டோர் தோட்டத்து மேற்பார்வையாளர், சொன்னால் செய்வார். அவள் கேட்டது யோசனை. எனக்குக் கதைதான் வரும், அதுவும் அரைகுறையாக.

2

முதல் தொடக்கம்: 'செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சாலை ஒரு...' (வேண்டாம். வெயிலில் புழுதி, மழையில் சேறு. அவ்வளவுதான்.)

இன்னொன்று: 'போபி பொல்லாத நாய்.' (பொய். பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் சும்மா கிடக்கும்.)

3

விமலா கைப்பேசியில் பார்த்துப் போபியைப் பழக்கியிருக்கிறாள். நாய் சொன்னபடி உட்கார்ந்த அதே நொடியில் "சரி" என்று சொல்ல வேண்டும். உடனே வாயில் ஒரு நெத்திலி. 'சரி' கேட்டால் தீனி வரும் என்று நாய் புரிந்துகொள்ளும்.* வாசலில் போபி தங்கம். லோரி ஹாரன் கேட்டால் மட்டும் பாய்ச்சல்.

(*எழுந்த பிறகு சொன்னால், எழுந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். என் கதையை ஒருவர் மனம்விட்டுப் பாராட்டியபோது நான் எழுதுவதையே விட்டிருந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.)

4

லோரி ஓட்டுநர் சத்தியசீலனை வில்லனாக்கப் பார்த்தேன். மண்டோரிடம் கோள்மூட்டியவர், நாய்மீது லோரியை ஏற்ற வந்தவர் என்று... (நிற்கவில்லை.) விமலாவையே கேட்டேன்.

"ஐயோ, அந்த அங்கிள் ரொம்ப நல்லவரு லா! போபி குட்டியா இருந்தப்பவே வளைவுல ஹாரன் அடிச்சு, ரொட்டி சானாய் வீசிட்டுத்தான் போவாரு."

"ஹாரன் அடிச்ச ஒடனே ரொட்டியா?"

"ஆமாண்ணே. லோரி பின்னால ஓடுனாத்தான் கெடைக்கும்..."

அவளே கத்தினாள். "அய்யய்யோ! அவருல்ல பழக்கி வச்சிருக்காரு!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருக்கிறது. நல்லவர்களை வைத்துக் கதை எழுதுவது எவ்வளவு அலுப்பு தெரியுமா? திட்டக்கூட ஆளில்லை.

5

விமலா அவரிடம் பேசிவிட்டாள். இனி ரொட்டி கிடையாது. "பாவம்மா, என் கையாலேயே..." என்றாராம். ஹாரனை மட்டும் நிறுத்த முடியாது. வளைவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கும்.

முடிவு: போபி அசையவில்லை. மண்டோர் சிரிக்கிறார். (குட்டியிலிருந்து வந்த பழக்கம் ஒரே காலையில் போகுமா?)

வேறு முடிவு: போபி ஓடுகி... (இதை எழுத மாட்டேன். அவள் என் தங்கை.)

6

காலை. மண்டோர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வளைவில் ஹாரன் அடித்துவிட்டது. போபி இன்னும் உட்கார்ந்தேயிருக்கிறது. காது மட்டும் நிமிர்ந்திருக்கிறது. விமலாவின் கையில் நெத்திலி. பயத்தில் அவளுக்கு 'சரி' என்ற சொல் வரவில்லை. எனக்கும் வரவில்லை, களைத்துவிட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள். சத்தமாகக்கூட வேண்டாம். அது எழுவதற்குள் சொல்லிவிடுங்கள்.