கொர்னேலியஸ் கட்டிய பேனர்

கொர்னேலியஸ் கட்டிய பேனர் காலை எட்டரைக்கு அவிழ்ந்து, கீழே நாசி லெமாக் சோறு விற்றுக்கொண்டிருந்த ஃபிரெடியின் மிளகாய்ச் சம்பல் சட்டியில் குப்புற விழுந்தது. 'எங்கள் தாமானின் முதல் சர்ஜன் டாக்டர் வெரோனிக்காவை வாழ்த்துகிறோம். இவண், தாமான் மக்கள்' என்று அதில் அச்சடித்திருந்தது. இதில் இரண்டு சிக்கல்கள். தாங்கள் வாழ்த்தியது அந்தக் குடியிருப்பு மக்களுக்குத் தெரியாது. தான் சர்ஜன் ஆனது வெரோனிக்காவுக்கே தெரியாது.

கொர்னேலியஸ் புக்கிட் ரம்பாயில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். மகள் வெரோனிக்கா பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டு டாக்டர். மேற்படிப்புக்கு அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று சர்ஜரி, இன்னொன்று குடும்ப மருத்துவம். முதலாவது ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போகும் வழி, இரண்டாவது அரசாங்க கிளினிக்குக்குப் போகும் வழி. எது வேண்டும் என்று அன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் பதில் அனுப்பியாக வேண்டும்.

இரண்டு மாதமாக அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "பாக்கலாம் பா" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. 'பாக்கலாம்' என்றால் 'சரி' என்று எடுத்துக்கொள்வது அவருடைய பழக்கம். மனைவி ரோஸைப் பெண் கேட்டுப் போனபோதும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ரோஸ் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கிளினிக் டாக்டர் என்றால் அவருக்கு இளக்காரம். இருமலுக்குத் தண்ணி மருந்து, சோம்பேறிக்கு எம்.சி. என்கிற லீவு சீட்டு, அவ்வளவுதான். "எம்.சி. எழுதவா மா உன்ன இவ்ளோ படிக்க வச்சேன்?" என்று கேட்பார். பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் மகள் சர்ஜன் என்று சொல்லியாகிவிட்டது. இனி அவள் ஆகவேண்டியதுதான் பாக்கி.

சம்பலைத் துடைத்துவிட்டுப் பேனரோடு மறுபடி ஏணியில் ஏறினார். ஃபிரெடி முணுமுணுத்துக்கொண்டே ஏணியைப் பிடித்தான். கட்டி முடித்து, அழகு பார்க்க வாசலுக்கும் ஏணிக்குமாக நாலு தடவை நடந்தார். அந்த நேரம் பார்த்து இரவு வேலை முடிந்து வந்த வெரோனிக்கா பேனரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். சிமெண்டில் ஏணியிலிருந்து வாசல்வரை சிவப்பாகக் கால் தடங்கள்.

"என்னா பா இது?"

"ஃபிரெடியோட சம்பல் மா. வழிஞ்சிருச்சு."

"என் சம்பல் இவ்ளோ செவப்பா இருந்தா நான் எப்பவோ ரெஸ்டோரன் தொறந்திருப்பேன்லா அண்ணே" என்றான் ஃபிரெடி.

வெரோனிக்கா அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். வலது கால் செருப்பைக் காணோம். அது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. பேனர் சட்டத்து ஆணி ஒன்று உள்ளங்காலில் கொண்டைவரை இறங்கியிருந்தது.

"வலிக்கலயா?"

"எது?"

ஃபிரெடி கரண்டியைக் கீழே வைத்தான். பஸ்ஸின் பிரேக்கை மிதிக்கும் கால் அது.

ஃபிரெடியின் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் என்று நினைத்துக் கொர்னேலியஸ் தலையைக்கூட வாரிக்கொண்டார். வேன் நின்றது அரசாங்க கிளினிக்கில். அங்கே அவருடைய அட்டை இருந்தது. ஐந்து வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. கடைசி மூன்று அப்பாயின்மெண்டுக்கு ஆள் வரவில்லை.

தலையில் தூடோங் அணிந்த டாக்டரம்மா ஆணியை எடுத்துக் கட்டுப்போட்டார். பிறகு அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர் மாதிரி கொர்னேலியஸ் துணிந்து அடித்துவிட்டார். தெரிகிறது என்றார். இதுவும் தெரிகிறது என்றார். மூன்றாவது முறை டாக்டரம்மா நரம்பை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அதுவும் தெரிகிறது என்றார்.

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. ரத்தம் எடுப்பதற்கு முந்தைய மூன்று நாள் மட்டும் கங்கோங் கீரையும் பாகற்காயும் தின்று, நான்காம் நாள் தித்திப்பான தே தாரிக் டீக்குத் திரும்பும் தன் ரகசியத்தை அவரே சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து, என்ன சாப்பிடுகிறார், எந்தச் செருப்பு போடுகிறார், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டார். பாதம் தேறி, தான் கையெழுத்துப் போடும்வரை பஸ் ஓட்டக்கூடாது என்றார். கொர்னேலியஸின் பாதத்தை யாரும் இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

அறைக்கு வெளியே பெஞ்சில் மகளிடம் மெதுவாக ஆரம்பித்தார். "நீ மட்டும் சர்ஜனா இருந்தா இத ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருப்ப."

"முடிச்சிருப்பேன் பா. முட்டிக்குக் கீழ."

கொர்னேலியஸ் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"போன மாசம் எங்க வார்டுல ஆறு கால் எடுத்தோம். நாலு நம்மாளுங்க. எல்லாம் ஒரு ஆணி, ஒரு கொப்புளத்துல ஆரம்பிச்சதுதான். வெட்டவும் ஆள் வேணும், இல்லங்கல. ஆனா அதுக்கு முன்னாடி குனிஞ்சு பாக்க ஒரு ஆள் வேணாமா?"

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று. இந்த முறை அவருக்குப் 'பாக்கலாம்' வேண்டாம்.

"நேரா சொல்லு மா. சர்ஜனா, இல்லையா?"

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். பதில் போய்விட்டிருந்தது.

"இல்ல பா. கிளினிக்தான். கால வெட்டறவங்களுக்குப் பேனர் கட்டறீங்க. வெட்ட விடாம காப்பாத்தறவங்கள, அப்பாயின்மெண்ட் குடுத்தாக்கூட வந்து பாக்க மாட்டேங்கறீங்க. மொதல்ல அத மாத்துங்க."