நூற்று நாற்பத்தேழு பிழைகள்

கோபம் வந்தால் வேல்விழிக்குப் பேச்சு குறைந்துவிடும். அன்று காலை முதலிபாளையம் லேபிள் கம்பெனியில் அவள் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

பனியனில் தைக்கிற துணி லேபிள்களுக்கென்று அவளே ஒரு சின்னக் கணினி மொழி உருவாக்கியிருந்தாள். துவைக்கும் முறை, இஸ்திரிச் சூடு, ஒன்பது மொழிகளில் எச்சரிக்கை என்று எல்லாவற்றையும் அதில் எழுதிக் கொடுத்தால் மெஷின் அச்சடித்துத் தள்ளிவிடும். பேக்கிங்கில் நாளெல்லாம் நின்று பனியன் மடித்துக்கொண்டிருந்த செல்லத்தாயையும் நதியாவையும் முதலாளி லிங்கசாமியிடம் மல்லுக்கட்டி இந்த எழுத்து வேலைக்கு வாங்கியதும் அவள்தான்.

நாலு மாதத்தில் அவர்கள் எழுதிய நூற்று நாற்பத்தேழு ஃபைல்களைப் பிழை என்று கணினி திருப்பியிருந்தது. அத்தனையையும் வேல்விழிதான் உட்கார்ந்து திருத்தினாள்.

"நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டனுங்க கண்ணு," என்று லிங்கசாமி காலையில் சொல்லிவிட்டார். "அவங்களுக்கு இது வராதுங்க. திங்கக்கெழமையிலிருந்து ரெண்டு பேரும் பேக்கிங்குக்கே போகட்டுமுங்க."

நின்று நின்று செல்லத்தாயின் முழங்கால் முப்பத்தைந்து வயதிலேயே தேய்ந்திருந்தது. நாற்காலி போனால் அவளுக்கு வேலையே போன மாதிரி.

இத்தனைக்கும் பிழை ஒன்றேதான். பல வரி வாசகம் எழுதும்போது தொடக்கத்தில் மூன்று மேற்கோள் குறி, முடிவில் தனி வரியில் மூன்று மேற்கோள் குறி வைக்க வேண்டும். நடுவில் இருப்பது காலி இடம் உட்பட அப்படியே லேபிளுக்குப் போகும். ஆகவே வாசகமும் முடிவுக் குறியும் திரையின் இடது ஓரத்தை ஒட்டியே நிற்க வேண்டும் என்பது வேல்விழி போட்ட சட்டம். இவர்களோ இரண்டையும் உள்ளே தள்ளித் தள்ளி வைத்தார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பொறுக்காமல் வேல்விழியே வாயைத் திறந்தாள்.

"ஓரத்துல வைன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன் செல்லத்தாய்?"

செல்லத்தாய் நிமிரவில்லை. "அட்டை ஞாபகத்துல கை அங்கயே போயிருது மேடம்."

"என்ன அட்டை?"

அவள் பேக்கிங் மேசைக்குப் போய் ஒரு பனியனும் மடிப்பு அட்டையும் கொண்டுவந்தாள். பனியன் முதுகில் அட்டையை வைத்தாள். இரு பக்கமும் மடித்தாள். அட்டையை உருவிவிட்டாள்.

"அட்டை எங்க இருக்கோ அதான் அளவு. ஆனா பெட்டிக்குள்ள அட்டை போகாது. கடைசில வைக்கிற குறியும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். அதுவும் லேபிள்ல வராதுல்ல."

வேல்விழி அந்த அட்டையை வாங்கிப் பனியன் மேல் வைத்து, தானும் ஒருமுறை உருவிப் பார்த்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்து தன் மொழியின் சட்டத்தையே மாற்றினாள். முடிவுக் குறி எங்கே நிற்கிறதோ, அதற்கு இடப்பக்கம் உள்ள காலி இடத்தை எல்லா வரியிலும் வெட்டிவிடு, மிச்சத்தைத் தொடாதே. பதினொரு வரிதான் புரோகிராம்.

திரும்பி வந்த நூற்று நாற்பத்தேழு ஃபைல்களையும், இவர்கள் முதலில் எழுதியது எழுதியபடியே, மெஷினுக்கு விட்டாள். ஒன்றுகூடப் பிழை என்று திரும்பவில்லை. தலைப்பு ஓரத்தில், விவரம் அதற்குக் கீழே சற்று உள்ளே என்று லேபிள்கள் ஒழுங்காக வந்துகொண்டே இருந்தன.

மூன்றில் மட்டும் எல்லா வரிகளும் இரண்டு இடம் தள்ளி நின்றன. அப்பாடா, ஒரு தப்பாவது இருக்கிறதே என்று வேல்விழிக்கு அற்ப சந்தோஷம். "இங்க மட்டும் ஏன் குறி எழுத்துக்கு நேரா இல்ல?"

நதியா எட்டிப் பார்த்தாள். "அது சைடுல தைக்கிற லேபிள் மேடம். ஊசி இறங்க எடம் விட வேண்டாமா?"

வேல்விழி இன்றுவரை எழுதியிராத சட்டத்துக்கு இந்த இரண்டு பேரும் நாலு மாதமாக ஒரு பிசகும் இல்லாமல் கட்டுப்பட்டு எழுதியிருக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல்தான், கட்டியவள் வேல்விழி. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் ஒரு மலைப்பு.

லிங்கசாமி வந்து லேபிள்களை அள்ளிப் பார்த்தார். "திருத்திட்டீங்களாங்க கண்ணு?"

"அவங்க எழுதினதுல ஒரு எழுத்துகூடத் தொடல சார். கோளாறு நான் போட்ட சட்டத்துல."

அவர் ஒரு சைடு லேபிளை எடுத்து, தையல் விழும் இடத்தில் நகத்தால் கோடு இழுத்தார். எழுத்தில் படவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் படவில்லை.

"பேக்கிங்குக்கு வேற ஆளு பாத்துக்கறனுங்க," என்றார்.

செல்லத்தாய் அட்டையை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்ப் பேக்கிங் மேசையில் வைத்தாள். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.