சிரிப்புக் குடும்பத்தை விட்டு யாரும் போவதில்லை

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஒரு சிற்றிதழின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, நகைச்சுவைத் தொடர்களில் வரும் உருப்படாத குடும்பங்களை ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னார். "நீங்க மைசூர்ல இருக்கீங்க, கன்னடத் தொடரும் பாப்பீங்க, உங்களுக்குச் சுலபம்" என்றார். ஒப்புக்கொண்டேன். தமிழில் 'மங்களம் காம்பவுண்டு' என்ற தொடரையும், கன்னடத்தில் 'நெட்டகில்லத மனெ' என்ற தொடரையும் எடுத்துக்கொண்டேன். இரண்டாவதன் பெயருக்கு ஒழுங்காக இல்லாத வீடு என்று பொருள்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

குடும்பம் என்னும் அமைப்பு சமகாலக் காட்சி ஊடகங்களின் நகைச்சுவை வெளியில் —

(விட்டுவிட்டேன். இதை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது முறை:

சுந்தராம்பாள் சிரிப்பதை முதலில் சுவர் வழியாகத்தான் கேட்டேன்.

இதை அடிக்க மனம் வரவில்லை. இந்த வரியோடுதான் கட்டுரை என் கையை விட்டுப் போனது.

2

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முன்பாதியில் நான். பின்பாதியில் காளியப்பன் குடும்பம். அவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலையை ஆட்கள் வைத்துச் செய்பவர். சொந்த ஊர் தமிழக எல்லையை ஒட்டி, ஹனூர் பக்கம் கௌதள்ளி. அவர் மனைவி சுந்தராம்பாள். ஒரே மகன் கணேஷ்குமார் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறான். மருமகள் மனிஷா துணிக்கடையில் பில் போடுகிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்குச் சரளம்.

காளியப்பனும் கணேஷ்குமாரும் பேசிக்கொள்வதில்லை. பல வருடமாக. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மகன் டைல்ஸ் வேலையை விட்டுவிட்டு ஓடினான் என்பார் அப்பா. வேலையாட்கள் முன்னால் அப்பா கன்னத்தில் அறைந்தார் என்பான் மகன். கல்யாணத்தில் யாரோ ஒரு சித்தப்பாவுக்கு மரியாதை குறைந்தது என்பாள் சுந்தராம்பாள். மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும் ஒரு வீடு இப்படி ஆவதற்குப் போதாது. வாசகர் இன்னும் பெரிய காரணம் எதிர்பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் இல்லை.

இருவருக்கும் நடுவில் சுந்தராம்பாள் பேசினாள். ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே நடந்தது. கூடத்தில் இருந்த காளியப்பன் மனைவியிடம் சொன்னார்:

"அந்தத் தொரை வண்டியக் குறுக்கால நிறுத்தியிருக்குது. எடுத்துத் தொலைக்கச் சொல்லு."

அவள் மகனின் அறை வாசலில் போய் நின்றாள். "கணேசு, வண்டி வெயில்ல நிக்குது சாமி. சீட்டு சுடும். நெழல்ல போடு."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "அவுருக்குக் கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போட்டுக்கச் சொல்லும்மா."

அவள் கூடத்துக்குத் திரும்பி, "எடுக்கறானாமுங்க" என்றாள்.

கூடத்திலிருந்து அந்த அறைக்கு ஐந்தாறு எட்டுகூட இருக்காது. மூவருக்கும் எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

3

ஒப்பீடு.

'மங்களம் காம்பவுண்டு' குடும்பம் கத்தும். மாமியார் டம்ளரை வீசுவாள், மாப்பிள்ளை குனிந்து தப்புவார், கடைசியில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 'நெட்டகில்லத மனெ' குடும்பம் கத்தாது. குத்திப் பேசும். யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள், ஆனால் மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் கதை தொடங்கும். தமிழ்த் தொடர் சண்டையைத் தீர்த்து வைக்கிறது. கன்னடத் தொடர் மறந்துவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு விதியைக் கண்டுபிடித்தேன். சிரிப்புக் குடும்பத்தை விட்டு யாரும் போவதில்லை. யாராவது பெட்டியைத் தூக்கினால் அதுவும் சிரிப்புதான். விளம்பரம் முடிவதற்குள் திரும்பிவிடுவார்கள்.

(நல்ல கண்டுபிடிப்பு என்று அப்போது நினைத்தேன்.)

அந்தக் கன்னடத் தொடரிலும் பேசிக்கொள்ளாத அப்பாவும் மகனும் உண்டு. நடுவில் ஓர் அம்மா, மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு. அந்த இடம் வரும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று சிரிப்புகள் கேட்கும். காளியப்பன் கூடத்தில் உட்கார்ந்து சிரிப்பார். மகன் தன் அறையில் கதவை ஒருக்களித்துவிட்டு அதே டிவியைப் பார்த்துச் சிரிப்பான். சுந்தராம்பாளின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடச் சத்தம்.

"அப்படியே உங்க வீடு மாதிரியே இருக்கே?" என்று ஒருமுறை அவளிடம் கேட்டுவிட்டேன்.

"அதுக்காகத்தானுங்க்கா சிரிக்கறது" என்றாள். "அதுல அந்தம்மாவுக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

4

அவள் குரல் கம்மத் தொடங்கியது. "பேசிப் பேசியே கட்டிக்கிச்சுங்க்கா" என்று மிளகுக் கஷாயம் குடித்தாள். கஷாயத்தில் சரியாகவில்லை. மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதன்பிறகு கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாகத்தான் மூச்சு.

"பொழைச்சுக்குவாளாமுங்க அம்மிணி" என்றார் காளியப்பன் என்னிடம். "பேச்சுதான் வராதாமா."

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் பிற்பகல் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கட்டிலின் ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மகன், காலடியில் மனிஷா. சுந்தராம்பாள் கிடைத்ததையெல்லாம் பேசினாள். அரிசிப் பானையில் வண்டு இருக்கிறது, புடைக்க வேண்டும் என்றாள். பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான் என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கிருந்து என்னால ஆகாது. ரெண்டு பேரும் இப்பவே ஒரு வார்த்தை பேசிப்போடுங்க. நான் காதுல கேட்டுக்கறேன்."

காளியப்பன் ஜன்னலைப் பார்த்தார்.

"அம்மா, நீ ஃபர்ஸ்ட் ரெஸ்ட் எடும்மா" என்றான் கணேஷ்குமார்.

"அவன் மொதல்ல பேசோணுமா நான் பேசோணுமான்னு கேளு" என்றார் காளியப்பன், அவளிடம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

(இந்த இடத்தில் அவர்களைப் பேச வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். 'கணேசு, என்றார் காளியப்பன். அவர் குரல் தழுதழுத்து —' இல்லை. அவர் கூப்பிடவில்லை. அறுவைக்கு முன் அவள் கேட்ட கடைசிப் பேச்சு 'கேளு' என்பதுதான் என்று எழுதினால் உருக்கமாக இருக்கும். அதுவும் பொய். அதற்குப் பிறகு நர்ஸ் வந்து, வளையலைக் கழற்றச் சொன்னார்.)

5

வீட்டுக்கு வந்தபின் கழுத்தில் சிறு குழாயோடு இருந்தாள். அதைக் கழற்றிக் கழுவி மாட்ட மனிஷாவும் கணேஷ்குமாரும் ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொண்டிருந்தார்கள். காளியப்பனுக்குக் கை நடுங்கும்.

சுந்தராம்பாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் வாரம் அந்த வீட்டில் பேச்சே இல்லை. பிறகு காளியப்பன் மருமகளைப் பிடித்தார். "மனிஷா, கேஸ் தீந்துபோச்சு. உன் வீட்டுக்காரனை புக் பண்ணச் சொல்லும்மா."

"மாமா, அவரு அங்கயே குந்திருக்காரு. நீங்களே சொல்லுங்க."

"நீ ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகுது?"

"ஆகல்ல மாமா, என்னால முடியாது" என்றாள். கணவன் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் அதேதான். ஒரு மாத்து, ஒரு வார்த்தை கூட நான் இங்கிருந்து அங்க தூக்கிட்டுப் போகமாட்டேன்" என்றாள்.

சுந்தராம்பாள் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, பொறாமையா, எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் இருந்ததற்கு மூன்று சொற்களைப் போட்டுப் பார்த்து மூன்றையும் எடுத்துவிட்டேன்.

பிறகு மனிஷா என்னிடம் வந்து அழுதாள். "பேசினதால வரலைன்னு டாக்டர் சொன்னாரு அக்கா. நங்கெ கொத்து, எனக்குத் தெரியும். ஆனாலும் பயமா இருக்குது அல்வா, இருக்காதா?"

டிவி மட்டும் ஓடியது. அதே தொடர், அதே அப்பா, அதே மகன். இப்போது சுவர் வழியாக எனக்கு இரண்டு சிரிப்புகள்தான் கேட்டன. ஒருமுறை போய்ப் பார்த்தேன். சுந்தராம்பாளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தோள் குலுங்கியது. கழுத்துக் குழாயிலிருந்து காற்று மட்டும் சீறி வந்தது.*

* இதற்கு அப்புறம் அந்தத் தொடரை என்னால் ஒப்பிட முடியவில்லை. ஆசிரியருக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டேன்.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனிஷா கடைக்குப் போயிருந்தாள். காளியப்பன் என் வீட்டுக்குள் ஓடிவந்தார்.

"அம்மிணி, அவனைக் கூப்புடுங்க! அவளுக்கு மூச்சடைக்குது. அவனைக் கூப்புடுங்க!"

எதுவும் யோசிக்காமல் ஓடினேன். கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்துவிட்டது. ஒரு கை கழுத்தில், இன்னொரு கை தரையை அறைந்துகொண்டிருந்தது. நான் மகனின் அறைக் கதவை இடித்தேன். காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிக்கொண்டே வெளியே வந்தான். குழாயை உருவினான். சளி கட்டியாக அடைத்திருந்தது. துடைத்தான். அவளுக்குக் காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. மறுபடியும். மறுபடியும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கூடத்திலிருந்து என் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் மகனின் அறை வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். காளியப்பன் அதைத் தாண்டி வந்திருக்கிறார்.

கணேஷ்குமாருக்கும் அது உறைத்தது. கத்தினான். என்னைப் பார்த்து.

"நான் பக்கத்துலயே இருந்தேன் அக்கா! கதவத் தட்டறதுக்குக் கையில்லையா? கேளுங்க அவரை!"

"கதவு சாத்தியிருந்துச்சுங்க அம்மிணி" என்றார் காளியப்பன். அவரும் என்னைப் பார்த்து.

சுந்தராம்பாள் தரையில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். இருவரும் வாயை மூடினார்கள். அவள் கணவரைப் பார்த்தாள், அறை வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் உயிர் போக இருந்தபோது கணவர் எந்தக் கதவைத் தாண்டி ஓடினார் என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இதை எந்தத் தொடரோடு ஒப்பிடுவது?

7

அவள் போய்விட முடிவு செய்தாள். மனிஷாவின் செல்பேசியில் கௌதள்ளியில் இருக்கும் தங்கை மாதம்மாவை வீடியோவில் கூப்பிட்டுக் கையாலேயே சொன்னாள். மாதம்மா இரண்டு நாள் வந்து தங்கிக் குழாய் கழுவக் கற்றுக்கொண்டு திரும்பினாள். பிறகு ஒரு காலையில் சுந்தராம்பாள் பையை எடுத்து வெளியே வைத்தாள்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் காளியப்பன். அவள் கை எதுவும் காட்டவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. அவள் கணவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மகனின் எதிரே நிறுத்தினாள். இருவரின் கையையும் சேர்த்து வைக்கவில்லை, அப்படியெல்லாம் செய்யவில்லை. நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று காத்திருந்தாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். காளியப்பன் தொண்டையைச் செருமினார். செருமினார், அவ்வளவுதான். கணேஷ்குமார் குனிந்து அம்மாவின் பையைத் தூக்கினான். அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நானும் மனிஷாவும் பஸ் ஸ்டாண்டு வரை போனோம். கௌதள்ளி வழியாகப் போகும் மாதேஸ்வரன் மலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பும்போது அவள் உதடசைத்து ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. மனிஷாவிடம் கேட்டேன். அவளுக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டினோம்.

8

முடிவு.

தமிழ்த் தொடர் முடிவு: மகன் பைக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்துகிறான், பின்னால் அப்பா. கொள்ளேகால் தாண்டுவதற்குள் பஸ்ஸை மறிக்கிறார்கள். பயணிகள் கைதட்டுகிறார்கள். எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து —

கன்னடத் தொடர் முடிவு: மறுநாள் காலை அவள் அடுப்படியில் நிற்கிறாள். யாரும் எதுவும் கேட்பதில்லை. அவளுக்குக் குரலும் —

இரண்டும் இல்லை. அவள் கௌதள்ளியில்தான் இருக்கிறாள். மனிஷா வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அத்தை கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள் என்று சொன்னாள். இங்கே ஆண்கள் இருவரும் ஒரே சட்டியிலிருந்து வேறு வேறு நேரத்தில் சாப்பிடுகிறார்கள். இப்போது டிவி போடுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை காளியப்பன் என் வாசலில் வந்து நின்றார். ஷேவ் செய்து பல நாளாகியிருந்தது.

"அம்மிணி, இந்த ஞாயித்துக்கெழம கௌதள்ளிக்கு அவன் போறானான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன். போறதுன்னா, ஒரே வண்டியில..." மீதியை அவர் சொல்லவில்லை.

கணேஷ்குமார் அங்கேயேதான் இருந்தான். நடையில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்பா சொன்னது கேட்டதும் தண்ணீரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

கேட்டுச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வண்டியில் போய் அவள் முன்னால் இறங்கலாம். அந்தச் சொல்லை யார் சுமந்தது என்று அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். கேட்காவிட்டால், பல வருடம் கழித்து இந்த மனிதரின் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை என் வாசலிலேயே கிடக்கும்.

நான் ஏதோ ஒன்று சொன்னேன். எதைச் சொன்னேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டு இவர்களை விட்டுவிடுவீர்கள். இரண்டு வரிகளையும் கீழே விட்டிருக்கிறேன். ஒன்றை நீங்களே அடித்துவிடுங்கள்.

"கணேசு, ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறியான்னு உங்கப்பா கேக்கறார்."

"அண்ணா, அவன் இங்கதான் நிக்கறான்."