செவ்வாய்க்கிழமை விடுப்பு

என் தம்பிக்குக் கைத்தசைகள் நலிந்துகொண்டே வந்தன. புதிய மருந்தொன்றைச் சோதித்துவந்த மருத்துவமனையில் அவனையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு ஊசிகளில் ஏழாவது முடிந்த வாரம், சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றான். "கொழுந்தனாரே, இனிமே சோம்பேறித்தனத்துக்கு வேற சாக்குத் தேடுங்க" என்றாள் என் மனைவி.

ஒவ்வோர் ஊசிக்கும் ஆய்வுத் தலைவரான மருத்துவரின் கையொப்பம் வேண்டும். அந்த அம்மையார் செவ்வாய்தோறும் ஆய்வு நோயாளிகளைப் பார்த்தார். வெளிநோயாளிகளைப் பார்த்தால்தான் அது பணி என்பது நிர்வாகத்தின் கணக்கு. ஆகவே, செவ்வாய்க்கிழமைகளுக்குத் தம் சொந்த விடுப்பை எழுதிக்கொடுத்துவிட்டு அவர் வேலைக்கு வந்தார். வாசலில் 'ஆராய்ச்சியில் முன்னணி' என்று பலகை பளபளத்தது. உள்ளே ஆராய்ச்சி செய்பவர் விடுப்பில் இருப்பதாகப் பதிவானார். இதைவிட வெட்கக்கேடு வேறுண்டா?

விடுப்பு தீர்ந்தது. வாரத்தில் ஒரு நாளை ஆய்வுக்கு ஒதுக்குமாறு மூன்று முறை எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. வேறிடத்தில் அழைத்தார்கள், போய்விட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முப்பது நாள்களுக்குள் புதிய தலைவரை அமர்த்தாவிட்டால் ஆய்வை மூடிவிடுவதாக மருந்து நிறுவனம் அறிவித்தது. மருத்துவமனை இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். விளம்பரம் கொடுத்தாயிற்று என்றார். செவ்வாய்க்கிழமையைப் பணிநாளாக்குவீர்களா என்று கேட்டேன். அது கொள்கை முடிவு என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அங்கிருந்த மூன்று மருத்துவர்களைக் கேட்டுப் பார்த்தார்கள், மூவரும் கைவிரித்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் என்னிடம் காரணம் சொன்னார்: "இருக்கிற லீவையும் இதுக்குக் குடுத்தா, வீட்டுல என்னைத்தான் சார் ஆராய்ச்சி பண்ணுவாங்க."

முப்பத்தோராம் நாள் ஆய்வுச் செவிலியர் எங்களை அழைத்தார். எட்டாவது ஊசி குளிர்பெட்டியில்தான் இருந்தது; போட அனுமதி இல்லை. விலகல் படிவத்தை நீட்டினார். காரணத்துக்கு அதில் மூன்றே கட்டங்கள்: பக்கவிளைவு, இறப்பு, பங்கேற்பாளரின் விருப்பம்.

"இது இவன் விருப்பமாம்மா?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா சார்? வேற கட்டம் இல்லையே." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி கையை நீட்டினான். "விடுங்கண்ணே, அவங்க என்ன பண்ணுவாங்க? பேனாவைக் குடுங்க."

மூன்றாம் கட்டத்தில் குறியிட்டு, கீழே தன் பெயரை முழுமையாக எழுதினான். ஓரெழுத்துகூட நடுங்கவில்லை.