அப்பாவின் லாக்டேட்

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட அப்பா முதலில் சொன்னது, "சோப்பை மாத்துங்கடா." ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எந்த விபத்துக்கும் காரணம் கண்டுபிடித்த பிறகுதான் வலிக்கத் தொடங்கும்.

மறுநாள் காலை, அவரை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்து நின்றபோது, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்து எங்களை மட்டும் வெளியே கூப்பிட்டார். அக்கா, அக்காவின் வீட்டுக்காரரான மாமா, நான். ஆஸ்பத்திரியில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை வெளியே கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அந்த ஒருவருக்கும் தெரியும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் யார் தேறுவாங்கன்னு ரத்தத்துல சில அளவுகளைப் பார்த்து ஓரளவு கணிப்போம். இவருக்கு அல்புமின்னு ஒரு புரதம் ரொம்பக் குறைவு. ஹீமோகுளோபின் பாதாளத்துல இருக்கு. இப்படியே உள்ளே போனா வெளியே வர்றது கஷ்டம்."

"அப்ப ஆபரேஷனே வேணாம்," என்றாள் அக்கா.

"வேணாம்னா படுத்த படுக்கைதான். நெஞ்சுல சளி கட்டும், புண் வரும். அதுவும் ஆளைக் கொண்டுபோயிடும்."

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. சம்மதத் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய அக்கா, பேனாவைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள்.

மாமா செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். "அல்புமினுக்கு முட்டை வெள்ளைக்கரு நல்லதுன்னு போட்டிருக்கு டாக்டர். ரெண்டு அவிச்சுக் குடுத்து உள்ளே அனுப்பலாமா?"

"நீங்க கொஞ்சம் உக்காருங்க சார்." டாக்டரம்மா தாளைத் திருப்பினார். நெற்றி சுருங்கியது. "இவருக்குச் சர்க்கரை எப்பலேர்ந்து?"

"சர்க்கரையா?" என்றாள் அக்கா. "போன மாசம்தான் பார்த்தோம். சின்னப் பையன் ரத்தம் மாதிரி இருக்குன்னாங்க."

"இதுல நானூறைத் தாண்டியிருக்கே!"

யார் பதிலுக்கும் காத்திராமல் அவர் உள்ளே நடந்தார். விழுந்ததில் தோல் பெயர்ந்த வலது கை முழுக்கக் கட்டு. இடது மணிக்கட்டில் குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்று மேலே, முழங்கை மடிப்பில், ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருந்தது.

"ரத்தம் இந்தக் கையிலேயா எடுத்தாங்க?"

"நான்தான் நீட்டினேன்," என்றார் அப்பா கண்ணைத் திறக்காமல். "அந்தப் பொண்ணு கட்டைப் பிரிக்கப் பார்த்துச்சு. இந்தக் கை சும்மாதானே கெடக்கு, இதுல எடும்மான்னேன்."

"அது சும்மா இல்ல சார், குளுக்கோஸ் ஏறிட்டிருக்கு. ரத்தத்தோட அதுவும் சேர்ந்து வந்து, மத்ததெல்லாம் நீர்த்துப் போயிருக்கு."

ஆக, ஒரு பாட்டில் குளுக்கோஸ் பிழைக்குமா பிழைக்காதா என்றுதான் நாங்கள் அவ்வளவு நேரம் பதறியிருக்கிறோம்.

சொட்டை நிறுத்தி, இடுப்பு உடையாத பக்கத்துக் காலில் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். தள்ளுவண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "அடுத்த ஆளை ஏத்திடவா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே," என்றேன்.

"நான் பொறுப்பேன் தம்பி. தியேட்டர் பொறுக்காது."

பரிசோதனைக்கூட ஜன்னலுக்கு முன்னால் அக்கா நகத்தைத் தின்று முடித்து விரலுக்கு வந்திருந்தாள்.

முடிவு வந்தது. அல்புமின் ஏறியிருந்தது. ஹீமோகுளோபின் பரவாயில்லை. சர்க்கரை ஒழுங்குக்கு வந்திருந்தது. மாமா கைதட்டியே விட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"லாக்டேட்னு ஒண்ணு இருக்கு. உடம்புக்கு ஆக்ஸிஜன் பத்தலைன்னா ஏறும். முன்னாடி கலப்படத்துல குறைவாத் தெரிஞ்சிருக்கு. உண்மையில அதிகம்."

"அப்ப பழைய ரிப்போர்ட்டே தேவலையா?" என்றார் மாமா.

"பழையது பொய் சார். இதுலயும் ஆபத்து இருக்கு, ஆனா எங்கே இருக்குன்னு தெரியுது. இப்பவே செஞ்சா, முடிஞ்சதும் ஐசியூல வெச்சுப் பார்த்துக்குவேன். தள்ளிப் போட்டா இன்னும் மோசமாகும். நீங்கதான் சொல்லணும்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். "எல்லாம் நல்லா இருக்குப்பா."

"நல்லா இருந்தா ஏன் மூக்கை உறிஞ்சுற?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்தேன்.

"ஒரு அளவு சரியில்லப்பா," என்றாள் கடைசியில். "உள்ளே போனா... திரும்பி வராமலும் போகலாம். போகலைன்னா எழுந்திருக்கவே முடியாது."

அப்பா கண்ணைத் திறந்தார்.

"உடைஞ்சது யார் இடுப்பு?"

"உங்க இடுப்புப்பா."

"அப்ப நீ எதுக்குடி கையெழுத்துப் போடுற? பேனாவை இங்கே குடு."

ஊசி குத்திய இடது கையால் போட்டார். முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோடு எங்கெங்கோ ஓடியது. பேனாவை நான் திருப்பி வாங்கியபோது அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன. "பயமாத்தான் இருக்கு," என்றார் என்னிடம் மட்டும். வண்டி நகர்ந்தது.

மதியத்துக்குமேல் எலும்பு டாக்டர் வெளியே வந்தார். "இடுப்பு பிரமாதமா வந்திருக்கு!" எங்களில் யாரும் எழவில்லை. நாங்கள் காத்திருந்தது இடுப்புக்கு அல்ல. அவர் கொஞ்சம் மனம் நொந்துதான் போயிருப்பார்.

பொழுது சாயும் நேரத்தில் ஐசியூ கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டரம்மா வந்தார். "லாக்டேட் இறங்க ஆரம்பிச்சிருக்கு."

"எவ்வளவு டாக்டர்?"

"கொஞ்சம்."

அக்கா அந்தக் கொஞ்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

நான் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே அப்பாவின் பாதம் நீண்டிருந்தது. நினைவு திரும்பிவிட்டதா என்று பார்க்க நர்ஸ் கட்டைவிரலைக் கிள்ளினார். பாதம், மிகுந்த கோபத்தோடு, உள்ளே போனது.