ஏழுக்குச் சற்றே குறைவு

1

இந்தக் கதை நஞ்சன்கூடு பஸ்ஸில் ஒட்டுக்கேட்டது. பக்கத்து சீட்டுப் பெண் போனில், "தாங்குறதுக்கும் ஏழுன்னே போட்டுட்டேன்" என்றாள். முகம் வெளுத்திருந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். மிச்சத்தை நானே கட்ட வேண்டியதாயிற்று. கோதா என்று பெயர் வைத்தேன்.

2

கோதா குடியிருக்கும் விஜயநகரின் மாடிகளில் மஞ்சள் வெயில்... வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.

கோதா டிசைன் இன்ஜினியர். நஞ்சன்கூட்டில் அவளுடைய கம்பெனி, பாரம் தூக்கும் இரும்புச் சட்டங்களைச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து வரும் வரைபடங்களில் எல்லாம் பவுண்டு, அங்குலம். இங்கே நியூட்டன், மில்லிமீட்டர். அவர்கள் அழுத்தத்தைச் சொல்லும் அளவில் ஆயிரம் பி.எஸ்.ஐ. என்பது, நம் அளவில் ஏழு மெகாபாஸ்கலுக்குச் சற்றே குறைவு. அந்தச் 'சற்றே'யை ஆபீஸில் யாரும் மதிப்பதில்லை. ஏழால் பெருக்கு, கூடத்தானே வரும், சேஃப் என்பார்கள்.

(சேஃப்தான், இரும்பின்மேல் விழும் அழுத்தத்தைக் கணக்கிடும்போது. இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதையும் ஏழால் பெருக்கினால்? விருந்தாளிகளைக் கூட்டிச் சொன்னால் சோறு மிஞ்சும். பானையிலிருக்கும் அரிசியைக் கூட்டிச் சொன்னால் பந்தியில் கையைப் பிசைய வேண்டியதுதான்.)

லீவில் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த கோதாவுக்கு இன்று காலை இதுதான் உறைத்தது. அவள் பெருக்கியது தாங்கும் பக்கத்தை. அந்த எண்ணை நம்பித் தகட்டை மெலிதாக்கியிருந்தாள். அந்தச் சட்டத்துக்குப் பாரச் சோதனை இன்றைக்கு.

3

சட்டத்தில் பாரத்தைத் தொங்கவிட்டதும் டெக்னீஷியன் சுரேந்தர்தான் அடியில் போய் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பான். போன வாரம்கூடக் கேலி செய்தான்.

"நீங்க கணக்கு போட்டதுன்னா நான் கீழயே படுத்துத் தூங்குவேன் மேடம்."

"சும்மா இருப்பா, அப்படியெல்லாம் சொல்லாதே."

(சுரேந்தருக்கு ஒரு குழந்தை கொடுக்கலாமா என்று யோசித்தேன். நீங்கள் இன்னும் பதறுவீர்கள். மலிவான வேலை. தனியாளாகவே இருக்கட்டும். தனியாள் என்றால் நசுங்கலாமா என்ன?)

4

முடிவு ஒன்று: சட்டம் உடை... மாட்டேன். கை வரவில்லை.

முடிவு இரண்டு: ஒன்றும் ஆகாது. தெரிந்த இன்ஜினியரைக் கேட்டேன். "நூத்துல ஒண்ணரைதான் தப்பு. தாங்குறதுல கொஞ்சம் மிச்சம் வெச்சுத்தானே செய்வாங்க, விடுங்க சார்" என்றார். அப்பாடா என்று கோதாவிடம் போய்ச் சொன்னேன்.

"அந்த மிச்சத்தை இன்னும் யார் யாரெல்லாம் நம்பிண்டிருக்கா, தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "தகடு வாங்கினவர், வெல்டர், எல்லாரும் கொஞ்சந்தானேன்னு ஆளுக்கு ஒரு வாய் தின்னிருந்தா?"

எனக்கு எரிச்சலாக வந்தது, பயமாகவும் இருந்தது.

5

சுரேந்தரின் போன் கேட்டில், செக்யூரிட்டியிடம். சோதனை நடக்கும் ஷெட்டுக்குள் போன் கூடாது. கோதா ஆபீஸ் நம்பருக்கு அடித்தாள். ரிசப்ஷனில் இருக்கும் அஷ்வினி எடுத்தாள்; அவள் தமிழில் கன்னடம் கலக்கும்.

"மேடம், நீங்க லீவ் அல்வா, லீவ்தானே?"

"டெஸ்ட்டை நிறுத்தச் சொல்லு அஷ்வினி! என் கணக்கு தப்பு. என் பேரைச் சொல்லியே சொல்லு."

"ஐயோ, எம்.டி. நிக்கிறாரு மேடம், அமெரிக்காக்காரங்க வேற. ஷெட்டுக்கே லைன் போடறேன், நீங்களே பேசிடுங்க."

ஷெட்டில் மணி அடிக்கிறது. கிரேன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

6

மன்னியுங்கள், உங்களைக் கொண்டுவந்து அந்தப் போன் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். சட்டம் தாங்குமா, கோதாவின் வேலை போகுமா, எல்லாம் வீண் பயமா, எனக்குத் தெரியாது. முடிவை அப்புறம் நிதானமாக யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் போனை எடுங்கள். சுரேந்தர் குனிந்து அடியில் போகிறான்.