ரஃபிரா தண்ணீர் மாற்றிய ஞாயிறு

"ஒரே மேசை, எல்லா ஜனமும்" என்று எழுதிய புதுப் பதாகை சபைச் சுவரில் தொங்கியது. ஏணி வைத்து ஏறி அதை மாட்டியவள் ரஃபிரா. கோணலாக இருக்கிறது என்று கீழே நின்று சொன்னவர்கள் மூன்று பேர். ஏணியைப் பிடித்துக்கொள்ள அதில் ஒருவருக்கும் கை வரவில்லை.

ஒரதேயா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் பாப்டிஸ்ட் சபை அது. பதினைந்து வருஷமாகக் கூட்டிப் பெருக்குவதும், சாவி வைத்திருப்பதும், ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்புவதும் அவள்தான். ஊருக்கு வெளியே பழைய செங்கல் சூளையை ஒட்டிக் குடியிருக்கும், ஜிப்ஸிகள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ரோமா ஜனங்களில் முதன்முதலாக இந்தச் சபைக்குள் கால் வைத்தவளும் அவளே. சபையில் எல்லாப் பெண்களும் சகோதரிகள்தான். தொரீனா சிஸ்டர், எஸ்தெரா சிஸ்டர். ரஃபிரா மட்டும் வெறும் ரஃபிரா.

அவளுக்கு ஞானஸ்நானம் ஆற்றில் நடந்தது, பல் கிட்டிப்போகிற அக்டோபர் குளிரில். தொட்டியின் பாய்லர் ரிப்பேர் என்றார்கள். நம்பினாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் பாய்லரைப் பார்க்க வந்த மெக்கானிக்கிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். "இதுவா? மாட்டின நாள்லேருந்து இதுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லையே!" என்றான். அன்றைக்கு விழுங்கியது அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை.

மகள் மரிநேலாவிடம் அதை அவள் சொன்னதே இல்லை. சொன்னதெல்லாம் வேறு. "அங்க யாரும் நீ எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்க, கண்ணு." பள்ளிக்கூடத்திலும் கடையிலும் பஸ்ஸிலும் அந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்த பெண், அம்மாவின் பேச்சைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தது. இப்போது பத்தொன்பது வயது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், ஆற்றில் இல்லை, தொட்டியிலேயே. தான் கொடுத்த வாக்கு பொய்யாகாமல் மகள் அந்தத் தொட்டியில் இறங்கி ஏறிவிட வேண்டும். ரஃபிராவுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

மொத்தம் பன்னிரண்டு பேர். ஊர்க்காரர்கள் ஒன்பது, சூளைப் பிள்ளைகள் மூன்று. பட்டியலில் சூளைப் பிள்ளைகளின் பெயர் கடைசியில் இருந்தது. ரஃபிரா அதைப் பார்த்தாள். சனிக்கிழமை பாஸ்டர் தெயோஃபில் அவரே வந்தார். நல்ல மனுஷர், யாரையும் நோகடிக்க மாட்டார், யாருக்காகவும் நோகவும் மாட்டார்.

"ரஃபிரா, சின்ன மாத்தம். சூளை ஊழியத்துக்கு உதவி பண்ற ஜெர்மன்காரங்க மத்தியானமே கிளம்பறாங்களாம். அவங்க உங்க பிள்ளைங்களத்தான் பாக்கணுங்கறாங்க. அதனால உங்க மூணு பேருக்கும் காலைல வச்சுக்கலாம். மத்தவங்களுக்கு சாப்பாட்டுக்கு அப்புறம், மூணு மணிக்கு."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கடைசியில் நின்றவள் முதலில் இறங்கப் போகிறாள்! அன்றைக்கு ரஃபிரா தொட்டியைத் தேய்த்த தேய்ப்பில் ஓடு முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. ஞாயிறு காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று முழங்கைவரை விட்டுப் பார்த்தாள், பிள்ளை குளிப்பாட்டப் போகிறவள் போல.

மரிநேலா வெள்ளை அங்கியில் இறங்கினாள். பாஸ்டர் அவளை முக்கி எடுத்தபோது சபையே எழுந்து பாடியது. ஜெர்மன்காரர்கள் படமெடுத்தார்கள். ஈரம் சொட்ட மேலே வந்த மகளின் முகத்தைப் பார்த்து ரஃபிரா வாய்விட்டு அழுதாள். பதினைந்து வருஷத்து ஆற்றுக்குளிர் அன்றைக்குத்தான் உடம்பைவிட்டு இறங்கியது.

கூடத்தில் நீளமாக மேசை போட்டுச் சாப்பாடு. கோஸ் இலையில் சுற்றிய கறி, சோளக்களி, பிளம் கேக். ரஃபிரா உட்காரப் போனாள். பாஸ்டரின் மனைவி தொரீனா அவள் முழங்கையைப் பிடித்துக் கோட்டு மாட்டும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"ரஃபிரா, அப்புறம் சாப்பிட்டுக்கலாம். தொட்டித் தண்ணிய ஒருதரம் மாத்திடேன்."

"எதுக்கு சிஸ்டர்? நேத்து ராத்திரி நிரப்பினதுதானே. மூணே மூணு பேர்தான் இறங்கியிருக்காங்க."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, என் மனசு உனக்குத் தெரியாதா? எஸ்தெரா சிஸ்டர் பொண்ணுக்குத் தோல் ரொம்ப மென்மை. மத்த அம்மாமாரும் சுத்தம் அது இதுன்னு சொல்றாங்க."

"முன்ன சொன்ன மாதிரி பன்னெண்டு பேரும் வரிசையா இறங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அதனாலதானே உங்களக் கடைசில போட்டிருந்தோம்!" என்று சொல்லிவிட்டாள் தொரீனா. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி சரி, வந்தவங்க காதுல விழ வேணாம். சந்தடி இல்லாம முடிச்சிடு. உன்ன விட்டா அந்த வால்வு யாருக்குத் தெரியும்?"

தொட்டிக்குப் பின்னால் பாய்லர் அறை. ரஃபிரா வால்வில் கை வைத்தாள். திருகினால், தன் பிள்ளை அழுக்கு என்று தானே கையெழுத்துப் போட்ட மாதிரி. கூடத்தில் போய்க் கத்தலாம், ஜெர்மன்காரர்கள் முன்னாலேயே பதாகையைக் கிழித்துப் போடலாம். ஆனால் அங்கே மரிநேலா ஈரத்தலையோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை போதும், அந்தச் சிரிப்பு போய்விடும், பிறகு ஜென்மத்துக்கும் வராது.

வால்வை விட்டுவிட்டாள். பக்கத்துக் குழாயைத் திறந்து தரைச் சாக்கடையில் விட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். தொரீனா ஒருமுறை எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்றாள். "ஆகுது" என்றாள் ரஃபிரா. ஒரே மேசையிலிருந்து ஒரு தட்டும் அந்த அறைக்கு வரவில்லை.

மூன்று மணிக்கு ஒன்பது பேரும் அதே தண்ணீரில் இறங்கினார்கள், அதே தண்ணீரிலிருந்து ஏறினார்கள். ஒருவருக்கும் ஒரு கொப்புளமும் போடவில்லை. எஸ்தெரா தன் மகளின் முகத்தைத் துண்டால் துடைத்து, அந்த ஈரத்தையே தன் கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். போகிற போக்கில் ரஃபிராவின் கன்னத்தைத் தட்டினாள்.

"புதுத் தண்ணின்னா முகத்துலயே தெரியுது பாரு. உனக்குத்தான் சிரமம்."

"ஒரு சிரமமும் இல்ல சிஸ்டர்" என்றாள் ரஃபிரா. உண்மையைத்தான் சொன்னாள்.

சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. ஜெயித்ததை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் முதலில் அவர்கள் தண்ணீரை மாற்றக் கேட்டதை அல்லவா சொல்ல வேண்டும்!

சாயங்காலம் அம்மாவும் மகளும் சூளைக்கு நடந்தார்கள். பாதி தூரம் நடந்திருப்பார்கள். மரிநேலா பொங்கினாள்.

"சாப்பாட்டுக்கு ஏம்மா வரல? எஸ்தெரா சிஸ்டர் தன் கையால எனக்குப் பரிமாறினாங்க. உன் நாற்காலி மட்டும் காலியா கெடந்துச்சு. ஜெர்மன்காரங்க உங்கம்மா எங்கன்னு கேட்டாங்க, எனக்கு மானமே போச்சு. அங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்கன்னு எனக்குச் சொன்னதே நீதான். ஆனா நீ மட்டும் அவங்கள நம்பவே மாட்டேங்கற. அவங்க உன்ன என்னதாம்மா பண்ணாங்க?"

ரஃபிராவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மகளின் தலைமுடி இன்னும் முழுசாகக் காயவில்லை.

"ஒண்ணும் பண்ணல கண்ணு" என்றாள். "பாய்லர் ரிப்பேர். அதான்."

மரிநேலா நம்பினாள்.